ஆறு விதிகளும் ஒரு போத்தல் மருத்துநீரும்

பிள்ளையின் நெஞ்சில் குழாய் வைத்து வீட்டுக்கு அனுப்பும்போது வார்ட்டில் ஒரு தாள் தருவார்கள். ஒரே பக்கம்தான், மூன்று மொழியிலும் இருக்கும். அதில் ஆறு விதிகள். அந்தத் தாளை என்னைவிடக் கவனமாக வாசித்தவர் கண்டி மாவட்டத்தில் இருக்க முடியாது. தமிழை வாசித்தேன், சிங்களத்தை வாசித்தேன், இரண்டும் ஒத்துப்போகிறதா என்று ஆங்கிலத்தோடு வைத்துப் பார்த்தேன். நாலாம் விதியில் இருந்த எழுத்துப்பிழையைச் சிவப்புப் பேனாவால் திருத்தவும் செய்தேன். அப்படியிருந்தும் என் பேத்தியின் இரத்தத்தில் கிருமி புகக் காரணமானவன் நான்தான்.

இதே தாளோடு வீட்டுக்குப் போகிற மற்றக் குடும்பங்களுக்குப் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன். பிள்ளை இப்போது நன்றாக இருக்கிறாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆஸ்பத்திரிக் கதையைக் கையில் எடுப்பவர்கள் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவார்கள். நானும் அந்த ஜாதிதான்.

முப்பத்தாறு வருடம் பிரதேச செயலகங்களில் வேலை பார்த்து, தலைமை எழுதுவினைஞராக ஓய்வு பெற்றவன் நான். முத்திரை இரண்டு அங்குலம் தள்ளிக் குத்தியிருந்தால் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிய ஆள் என்று பன்வில பக்கத்தில் இன்றும் சிலர் என்னை ஞாபகம் வைத்திருக்கலாம். அன்பாக அல்ல. மனைவி காலமான பிறகு குண்டசாலையில் மகள் சுமதியோடு இருக்கிறேன். சுமதி தமிழ்ப் பாடசாலை ஒன்றில் ஆசிரியை. மருமகன் கட்டாரில். அவர்களுடைய ஒரே பிள்ளை அபிநயா, எங்களுக்கு அபி. அப்போது வயது ஆறு.

அபிக்கு நோய் வந்த விதத்தில் நாடகம் ஒன்றும் இல்லை. முழங்காலுக்குக் கீழே நீலம் நீலமாகக் கன்றிப்போன அடையாளங்கள். விழுந்திருப்பாள் என்று நினைத்தோம். பிறகு முகம் வெளுத்தது. பிறகு ஒரு காய்ச்சல் வந்து போகமாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டது. இரத்தம் சோதித்தார்கள். அடுத்து இடுப்பெலும்பில் ஊசி இறக்கி உள்ளே இருக்கும் மச்சையைக் கொஞ்சம் எடுத்துப் பார்த்தார்கள். இரத்தம் உண்டாகும் இடம் அது. அங்கே முதிராத வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகியிருந்தன. இரத்தப் புற்றுநோய். பிள்ளைகளுக்கு வருகிற இந்த வகை மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும், ஆனால் மருந்து நீண்ட நாள் போகும் என்று பெரிய டொக்டர் அம்மா சொன்னார். சுமதி 'நன்றாகக் கட்டுப்படும்' என்பதைப் பிடித்துக்கொண்டாள். நான் 'ஆனால்' என்பதைப் பிடித்துக்கொண்டேன். உத்தியோகப் பழக்கம்.

அந்த மருந்துகள் காரமானவை. கையில் இருக்கிற மெல்லிய நரம்புகள் அவற்றைத் தாங்காமல் வெந்துபோகும். அதனால் நெஞ்சுத் தோலுக்கு அடியில் சுரங்கம் மாதிரி ஒரு வழி செய்து, மெல்லிய குழாய் ஒன்றை இதயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய நாளம் வரை கொண்டுபோய் விடுவார்கள். வார்ட்டில் எல்லோரும் அதை 'லைன்' என்பார்கள். அதன் மறுநுனி நெஞ்சுக்கு வெளியே ஒரு மூடியோடு தொங்கும். மருந்து, இரத்தம், சேலைன் எல்லாம் அதன் வழியாகத்தான். குத்தல் இல்லை, அழுகை இல்லை. அபி அதற்கு 'வாலு' என்று பெயர் வைத்தாள். முன்னால் முளைத்த வால்.

வசதியான ஏற்பாடுதான். ஆனால் இதயத்துக்கு நேராகப் போகிற பாதை கிருமிக்கும் திறந்திருக்கிறது. மருந்தால் வெள்ளை அணுக்கள் குறைந்த பிள்ளையின் உடம்பில் காவலுக்கு ஆள் இருக்காது. அதற்குத்தான் ஆறு விதிகள். தொடுமுன் கை கழுவ வேண்டும், மூடியைத் தேவையில்லாமல் திறக்கக் கூடாது, அந்த மாதிரி. என் கதைக்கு வேண்டியவை இரண்டு. மூன்றாம் விதி: குழாய் வெளியே வரும் இடத்தில் ஒட்டியிருக்கும் மறைப்பின் ஓரம் கிளம்பினால் உடனே வார்ட்டுக்கு வரவும். ஐந்தாம் விதி: குளியல் தொட்டி, ஆறு, நீச்சல் குளம் ஆகியவற்றில் பிள்ளையை இறக்க வேண்டாம்.

கிளினிக்கில் லைனைப் பார்க்கும் தாதி இரேஷா மிஸ். முப்பது வயது இருக்கும். சிங்களத்தில் பேசுவார், தமிழ் விளங்கும். அபியைக் கட்டிலில் உட்காரவைத்து முதல் நாளே ஒரு வேலை கொடுத்தார்: "உன் வாலுக்கு நீதான் பொலிஸ். யார் கிட்ட வந்தாலும் கேட்கணும், கை கழுவினீங்களா என்று. பெரிய டொக்டர் வந்தாலும் கேட்கணும்." அபி கேட்டாள். பெரிய டொக்டரிடமே சிங்களத்தில் கேட்டாள். அவர் திரும்பிப் போய்க் கழுவிக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எவருக்கும் விடுதலை இல்லை.

பிறகு சித்திரைப் புத்தாண்டு வந்தது.

இலங்கைக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். வருடம் பிறக்கும் புண்ணிய காலத்தில் மருத்துநீர் வைத்து முழுகுவது இங்கே எங்கள் வழக்கம். கோயிலில் பூவும் இலையும் சரக்குமாகப் பல பொருட்களைப் போட்டுக் காய்ச்சிக் கொடுப்பார்கள். தலையில் ஒரு இலை, காலடியில் ஒரு இலை வைத்து, வீட்டில் மூத்தவர் உச்சியில் ஊற்றித் தேய்ப்பார். எங்கள் வீட்டில் மூத்தவர் நான். முதல் நாளே கோயிலுக்குப் போய், குளிர்பானம் இருந்த பழைய போத்தல் ஒன்றில் வாங்கிவந்து ஜன்னலோரம் வைத்தேன்.

காலையில் மதிலுக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தலையிலிருந்து மஞ்சள் தண்ணீர் சொட்டச் சொட்டக் கத்திக்கொண்டு ஓடினார்கள். அபி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எல்லாருக்கும் ஊத்துறாங்க. எனக்கு மட்டும் ஏன் இல்ல?"

"உனக்கு வாலு இருக்கே."

"வாலு நெஞ்சுல தானே இருக்கு. தலையிலயா இருக்கு?"

குசினியிலிருந்து சுமதி, "நெத்தியில ஒரு சொட்டுத் தொட்டு வச்சா போதும்ப்பா" என்று சொன்னாள். பாற்சோறு அடிப்பிடித்துவிடும் என்று அவள் அடுப்பைவிட்டு நகரவில்லை.

நான் தாளை எடுத்தேன். குளியல் தொட்டி, ஆறு, நீச்சல் குளம். மருத்துநீர் அந்தப் பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாதது தடை செய்யப்பட்டதல்ல என்பது நான் எத்தனையோ கோப்புகளில் எழுதிக் கையொப்பமிட்ட வாசகம். ஒருவரும் அதை எதிர்த்து வென்றதில்லை. அந்தக் காலையிலும் வெல்லவில்லை.

முறைப்படி எல்லாம் செய்தேன். வார்ட்டில் பழக்கிய ஏழு படியாகக் கை கழுவினேன். மறைப்பின் மேல் பொலித்தீன் சுற்றி நாலு பக்கமும் டேப் ஒட்டினேன். பஞ்சாங்க நேரம் நிமிடம் பிசகாமல் வர, மயிரில்லாத அந்தச் சின்னத் தலையில் இலையை வைத்தேன்.

"தாத்தா, கை கழுவினீங்களா?"

"ஏழு படியும்."

"அப்ப சரி. ஊத்துங்க."

இரண்டு கரண்டிதான் நினைத்தேன். அவள் சிரித்த சிரிப்பில் அரைப் போத்தல் போய்விட்டது. தலையில் மயிர் இருந்தால் கொஞ்சம் தங்கியிருக்கும். வழுக்கைத் தலையில் எதுவும் தங்காது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், இருபது வருட அனுபவம் இருக்கிறது. தண்ணீர் கழுத்து வழியாக ஓடி டேப்புக்கு அடியில் புகுந்தது. துடைத்துவிட்டுப் பொலித்தீனைக் கழற்றியபோது உள்ளே ஈரம், மறைப்பின் ஒரு ஓரம் விரல் நகமளவு கிளம்பியிருந்தது. உள்ளே வரவிடாமல் தடுக்க நான் சுற்றிய பொலித்தீன், வந்ததை வெளியே போகவிடாமல் வைத்திருந்தது.

மூன்றாம் விதி தெளிவாக இருந்தது. உடனே வார்ட்டுக்கு வரவும். அதில் என் வாசகத்துக்கு இடமில்லை. ஆனால் பண்டிகை நாளில் பாதிப்பேர்தான் வேலைக்கு வந்திருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம் வேறு. எப்படி நனைந்தது என்று கேட்பார்கள். கேள்வி கேட்டுப் பழகியவன் நான், பதில் சொல்லிப் பழகவில்லை. அலுமாரியிலிருந்து பிளாஸ்டர் எடுத்து ஓரத்தை அழுத்தி ஒட்டி, சட்டையை மாட்டிவிட்டேன். சுமதியிடம் சொல்லவில்லை.

மூன்று நாள் ஒன்றும் நடக்கவில்லை. நாலாம் நாள் கிளினிக். புறப்படுமுன் என் பிளாஸ்டரை மெதுவாக உரித்தெடுத்தேன். ஓரம் ஒட்டிக்கொண்டு நின்றது. கோப்பிலிருந்து ஒரு பக்கத்தைக் கழற்றுவது எவ்வளவு பெரிய குற்றம் என்று நான் எத்தனை பேருக்கு வகுப்பு எடுத்திருக்கிறேன்.

மருந்து ஏற்றாத வாரங்களில் லைன் அடைபடாமல் இருக்கச் சேலைனால் அலசிவிடுவார்கள். இரேஷா மிஸ் மூடியை ஸ்பிரிட்டால் துடைத்து, காயவிட்டு, அலசி, மறைப்பை மாற்றினார். நான் வழக்கம்போல மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறைப்புக்கு அடியில் இலேசாகச் சிவந்திருந்த தோலைப் பார்த்து அவர் ஒரு கணம் நின்றது எனக்குத் தெரிந்தது. ஆனால் அபிக்குக் காய்ச்சல் இல்லை. டொக்டருக்குக் காட்டிவிட்டுப் போகச் சொன்னார். சுமதி மருந்து வரிசையில் நிற்க, நானும் அபியும் வெளியே கதிரையில் உட்கார்ந்தோம்.

கால் மணி நேரம் போயிருக்கும்.

"தாத்தா, குளிருது."

சித்திரை மாத வெயில். என் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் திரும்பிப் பார்த்தபோது அவளுடைய பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டிருந்தன. உதடு நீலம். முழு உடம்பும் கதிரையோடு சேர்ந்து ஆடியது. நான் கத்திய சத்தத்துக்கு இரேஷா மிஸ் ஓடிவந்து, ஒரு வார்த்தை கேட்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

குழாய்க்குள் கிருமி ஒட்டிக்கொண்டு வளர்ந்திருந்தால், அலசும்போது அது கூட்டமாக இரத்தத்துக்குள் தள்ளப்படும். அதனால்தான் அலசிய கொஞ்ச நேரத்தில் குளிரும் நடுக்கமும். பிறகு விளக்கினார்கள். அப்போது எனக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. எனக்குத் தெரியும்.

டொக்டர் பர்ஹான் வந்தார். அக்குறணைப் பக்கத்துப் பையன், எப்போதும் நித்திரை போதாத முகம். ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இரத்தம் எடுத்தார்கள், லைனிலிருந்து ஒரு போத்தல், கையிலிருந்து ஒரு போத்தல். ஒரு மணித்தியாலத்துக்குள் கிருமிக்கொல்லி மருந்து ஏறத் தொடங்கியது. எந்தக் கிருமி என்று தெரியுமுன்னே பல கிருமிகளுக்குச் சேர்த்துக் கொடுக்கிற மருந்து. இரத்த அழுத்தம் விழுந்திருந்ததால் சேலைன் வேகமாக ஓடியது.

"லைன்ல தண்ணி கிண்ணி பட்டுச்சா, டீச்சர்? மறைப்பு ஏதும் கழண்டுச்சா?" என்று டொக்டர் சுமதியைக் கேட்டார்.

"இல்ல டொக்டர். அப்பா அதுல ரொம்பக் கவனம். உங்க தாளுல பிழையே திருத்தி வச்சிருக்காரு."

டொக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

அன்றும் அடுத்த நாளும் காய்ச்சல் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. நான் காலையில் போய்ப் பின்னேரம் வரை அவள் பக்கத்தில் இருப்பேன். சுமதி அந்த நேரத்தில் குளித்துச் சாப்பிட்டுக் கொஞ்சம் கண்ணயர்வாள். எதிர்க்கட்டிலில் இருந்த கம்பளைத் தாய் ஒருத்தி தினமும் பிளாஸ்க்கில் தேத்தண்ணீர் கொண்டுவந்து கேட்காமலே எனக்கும் ஊற்றுவாள். அதைக் குடிக்கிற ஒவ்வொரு முறையும், நான் செய்ததைத் தெரிந்தால் ஊற்றுவாளா என்று நினைப்பேன்.

மூன்றாம் நாள் ஆய்வுகூடத்திலிருந்து செய்தி வந்தது. போத்தலில் கிருமி வளர்ந்தால் இயந்திரம் நேரத்தைக் குறிக்கும். லைன் போத்தல் முதலில் காட்டியது. கைப் போத்தல் காட்ட அதன் பிறகு இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஆனது. லைனில்தான் கிருமி அதிகம், அங்கிருந்துதான் உடம்புக்குப் போகிறது என்று அர்த்தம்.

"தோலில வழக்கமா இருக்கிற கிருமி இல்ல, சேர்" என்றார் டொக்டர் பர்ஹான். "குச்சி மாதிரி ஒரு வகை. ஈரம், மண், அழுக்குத் தண்ணி, அப்படி இடத்தில இருக்கிறது. எங்கேருந்து வந்துச்சுன்னு லேப்பில கேட்கிறாங்க. வீட்டில கிணத்துத் தண்ணியா?"

"குழாய்த் தண்ணி."

அது உண்மை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வதில் நான் வல்லவன்.

உண்மையைச் சொன்னால் என்ன நடக்கும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். இந்த வீட்டை நம்பி லைனோடு பிள்ளையை அனுப்ப முடியாது என்பார்கள். மாதக்கணக்காக அவள் வார்ட்டிலேயே கிடப்பாள். சுமதி வேலையை விட வேண்டிவரும். இப்படி ஒவ்வொன்றாக அடுக்கி, அதன் அடியில் என் வெட்கத்தை ஒளித்து வைத்திருந்தேன்.

பின்னேரம் வேலை முடிந்து போகுமுன் இரேஷா மிஸ் கட்டிலருகே வந்தார். அபி தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் என்னிடம் தணிந்த குரலில் சிங்களத்தில் கேட்டார்:

"தாத்தா, நீங்க எப்பவும் மணிக்கூட்டைப் பார்ப்பீங்களே. அன்றைக்கு நான் மூடியைத் துடைத்தது பதினைந்து செக்கன் இருந்ததா?"

"ஏன் மிஸ்?"

"கடைசியா லைனைத் தொட்டது நான். ஒவ்வொரு படியாகத் திரும்பிப் பார்த்து ஒரு படிவம் நிரப்புவோம். தண்டனை இல்லை, பிழை எங்கே என்று கண்டுபிடிக்கத்தான். எனக்கு அந்தச் செக்கன் கணக்கு மட்டும் ஞாபகம் வரவில்லை. இரண்டு நாளாக அதையே நினைக்கிறேன்."

"பதினெட்டு" என்றேன்.

"பதினெட்டா?" அவருடைய முகம் ஒரு நொடி தெளிந்தது. மறுபடி கலங்கியது. "அப்படியானால் நான் வேறு எங்கே பிழை விட்டேன்?"

இதற்கு மேல் உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. "மிஸ், நீங்க பிழை விடவில்லை. கொஞ்சம் என்னோடு வாங்க" என்று சொல்லி, டொக்டர் பர்ஹானின் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். கதிரை இருந்தது. உட்காரவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். ஊற்றியது, பொலித்தீன், கிளம்பிய ஓரம், ஒட்டிய பிளாஸ்டர், உரித்த பிளாஸ்டர். டொக்டர் பேனாவை எடுத்தார்.

"அந்த மருத்துநீரில என்னென்ன இருக்கும், சேர்?"

"துளசி, வில்வம், அறுகம்புல், தாமரைப்பூ, மாதுளம்பூ, மஞ்சள், மிளகு..."

எழுதிக்கொண்டே வந்தார்.

"பால், கோசலம், கோமயம்..."

பேனா நின்றது. "கடைசி ரெண்டும் என்ன?"

"மாட்டு மூத்திரம். மாட்டுச் சாணம்."

டொக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு தாளைப் பார்த்தார். பிறகு மிகவும் மரியாதையாக, "காய்ச்சினதுதானே?" என்றார்.

"காய்ச்சியது. அதன் பிறகு ஒரு முழு நாள் பழைய போத்தலில், ஜன்னல் வெயிலில்."

"பாலோட."

"பாலோடு."

"இத முந்தாநாளே சொல்லியிருந்தா..." என்று தொடங்கியவர் நிறுத்திவிட்டார். "சரி. இப்பவாவது சொன்னீங்களே. இதுக்கு ஏத்த மாதிரி மருந்து மாத்தலாம்." தொலைபேசியை எடுத்து முதலில் ஆய்வுகூடத்தையும் பிறகு பெரிய டொக்டரையும் அழைத்தார். ஒரு மணித்தியாலத்துக்குள் ஒரு மருந்து மாறியது, இன்னொன்று சேர்ந்தது. அவர் சொல்லாமல் விட்டதை நான் முடித்துக்கொண்டேன். இரண்டு நாள்.

இரேஷா மிஸ் கதவருகே நின்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "எங்கள் வீட்டில் நானு வைப்போம், தாத்தா. அதுவும் பன்சலையிலிருந்துதான் வரும்" என்றார். நானு என்பது சிங்களவர்கள் புத்தாண்டுக்குத் தலையில் வைக்கும் மூலிகைச் சாறு, பன்சலை அவர்களுடைய விகாரை. "ஐந்தாம் விதியில் அதை எழுத வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லையே." சொல்லிவிட்டு, உச்சுக்கொட்டினார். "ஆனால் பிளாஸ்டர் ஒட்டியது மோசம். மிக மோசம்."

பெரிய டொக்டர் வந்து, நான் சொன்னதையும் சேர்த்து, சுமதிக்கும் எனக்கும் விளக்கினார். இப்படித் தொற்று வந்தால் இரண்டு வழி. தோல் கிருமி மாதிரியானவை என்றால் லைனைக் காப்பாற்றப் பார்க்கலாம்: கடுமையான மருந்தைக் குழாய்க்குள் நிரப்பிப் பூட்டி, சில மணித்தியாலம் ஊறவிடுவது. இந்த ஈரக் கிருமி வேறு. குழாயின் உட்சுவரில் வழுவழுவென்று ஒரு படலம் கட்டிக்கொண்டு அதற்குள் ஒளிந்துகொள்ளும். மருந்து அதைத் தொடாது. லைனை எடுத்துவிட வேண்டும்.

டொக்டர் அம்மா போன பிறகு சுமதி என் பக்கம் திரும்பினாள். "நெத்தியில தொட்டு வைங்கன்னு தானேப்பா சொன்னேன்." அவ்வளவுதான். அதன் பிறகு என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அடுத்த நாள் சோற்றுப் பார்சல் வந்தது. அவளுக்குக் கத்தரிக்காய்க் கறி, எனக்கு மட்டும் பருப்பு. கத்தரிக்காய் எனக்கு ஒத்துக்கொள்ளாது. கோபத்திலும் அதை மறக்காமல் கட்டியிருந்தாள்.

அபிக்குத்தான் பெரிய கவலை. "என் வால எடுத்துருவாங்களா?"

"இந்த வாலுல பூச்சி புகுந்துருச்சு."

"நீங்க ஊத்தின தண்ணியிலயா?"

"ஆமா."

யோசித்தாள். "கை கழுவினீங்க தானே?"

"கழுவினேன்."

"அப்ப தண்ணிதான் கழுவல்ல" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தாள். நான் வாசித்த விசாரணை அறிக்கைகளில் இவ்வளவு சுருக்கமானது எதுவும் இல்லை.

மருந்தால் அவளுடைய இரத்தத்தில் உறையச் செய்யும் அணுக்களும் குறைந்திருந்தன. அதனால் முதலில் அவற்றை ஏற்றி, பிறகு சத்திரசிகிச்சைக் கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். சுமதி வெளியே இருந்த நீள வாங்கின் ஒரு முனையில், நான் மறுமுனையில். நடுவில் மூன்று பேர் உட்காரலாம். ஒருவரும் உட்காரவில்லை. கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் இருவரும் ஒன்றாக எழுந்து, ஒன்றாக உட்கார்ந்தோம்.

லைனை எடுத்து ஒரு நாள் காய்ச்சல் அசையவில்லை. மறுநாள் கொஞ்சம் இறங்கியது. அதற்கு மறுநாள் காலை நான் போனபோது அபி உட்கார்ந்து, கட்டில் சட்டத்தில் தாளம் போட்டுக்கொண்டு, "பாண் வேணும், சம்பல் வேணும்" என்று பாடிக்கொண்டிருந்தாள். சம்பல் கொடுக்கமாட்டார்கள். பாண் கொடுத்தார்கள். கம்பளைத் தாய் தன் பிளாஸ்க்கை என்னிடம் நீட்டும்போது சிரித்தாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது, வார்ட்டுக்கே தெரிந்திருந்தது. அப்படியும் ஊற்றினாள்.

ஆனால் காய்ச்சல் போனதும் சிகிச்சை முடிந்துவிடாது. கிருமி இதயத்தின் வால்வுகளில் தங்கியிருக்கிறதா என்று ஸ்கேன் பார்த்தார்கள். இல்லை. இரத்தத்தை மறுபடி வளர்த்துப் பார்த்தார்கள். ஒன்றும் முளைக்கவில்லை. அந்தச் சுத்தமான நாளிலிருந்து இரண்டு வாரம் எண்ணி மருந்து கொடுத்தார்கள். வாலு இல்லாததால் கை நரம்பு வழியாக. ஊசி ஏற்றிய நரம்பு இரண்டு நாளில் அடைபடும், வேறு நரம்பு தேடுவார்கள். கை, புறங்கை, ஒரு முறை கால். ஒவ்வொரு தேடலிலும் அவள் வீறிட, நான் பக்கத்தில் நின்றேன். வெளியே போய் நிற்கலாம் என்றார்கள். போகவில்லை. புற்றுநோய்க்கான மருந்து மூன்று வாரம் பின்தள்ளிப் போனது. அந்தளவு தாமதத்தைச் சரிக்கட்டலாம் என்று பெரிய டொக்டர் சொன்னார். இந்த முறை நான் 'சரிக்கட்டலாம்' என்பதைப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு இடப்பக்கத்தில் புது லைன் வைத்தார்கள். வீட்டுக்கு விடுவார்களா என்ற கேள்விக்கு இரேஷா மிஸ் ஒரு பதில் வைத்திருந்தார். லைனைப் பார்க்கும் இருவருக்கும், அதாவது சுமதிக்கும் எனக்கும், கை கழுவும் பரீட்சை. சுமதி முதல் முறையிலேயே தேறினாள். நான் ஏழு படியும் பிசகில்லாமல் கழுவி முடித்து, அந்தச் சுத்தமான கையாலேயே குழாயைத் திருகி மூடினேன்.

"தாத்தா, ஃபெயில்."

வாழ்க்கையில் எழுதிய எல்லாப் பரீட்சையிலும் தேறியவன். வீட்டுக்கு வந்து பின்பக்கக் குழாயடியில் பயிற்சி எடுத்தேன். எங்கள் வீட்டுக் குழாய் பழையது, திருகாமல் மூட முடியாது. கையை உயர்த்திக்கொண்டு, ஓடுகிற தண்ணீரைப் பார்த்தபடி திணறி நின்றேன். பின்னாலிருந்து ஒரு கை நீண்டது.

"நீங்க கையத் தூக்கிப் பிடிங்கப்பா. நான் மூடுறேன்."

பத்தொன்பது நாளுக்குப் பிறகு சுமதி என்னோடு பேசிய முதல் வார்த்தை.

அடுத்த வாரம் தேறினேன். அபி வீட்டுக்கு வந்தாள்.

ஏழாவது விதி பிறந்தது அதற்குப் பிறகுதான். தாளைத் திருத்தி அச்சடிக்கப் போகிறோம், தமிழில் எழுதித் தாங்க என்று டொக்டர் பர்ஹான் கேட்டார். நான் ஒரு இரவு உட்கார்ந்து, 'சமயச் சடங்குகள் நிமித்தம் பயன்படுத்தப்படும் எவ்வகையான திரவங்களும்' என்று தொடங்கி எட்டு வரி எழுதிக் கொடுத்தேன். டொக்டர் வாசித்துவிட்டு, "சேர், இது அரசாங்கக் கச்சேரிக் கடிதம் மாதிரி இருக்கு. இத வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள ஊத்திருவாங்க" என்றார். இரேஷா மிஸ்ஸையும் சேர்த்து மூவருமாக உட்கார்ந்து சுருக்கினோம். மருத்துநீர், நானு, கோயில் தண்ணீர், பன்சலைத் தண்ணீர் என்று வர, "ஓதின தண்ணியையும் போடுங்க, எங்க வீடுகள்ல அது இருக்கு" என்று டொக்டரே சேர்த்தார். பிறகு தேவாலயத் தண்ணீரையும் சேர்த்தோம். நாட்டில் எல்லாச் சமயத்துக்கும் சமமான இடம் கொடுத்த ஆவணம் ஒன்றில் என் கையும் இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம். முடிவில், 'எதையும் பிள்ளை மேல் ஊற்ற வேண்டாம். பட்டுவிட்டால் மறைக்காமல் உடனே வந்து சொல்லுங்கள். யாரும் ஏசமாட்டார்கள்.' கடைசி வாக்கியம் இரேஷா மிஸ் சொன்னது.

இந்த வருடம் சித்திரைக்கு இரண்டு நாள் முன் அபிக்குக் கிளினிக். லைன் எடுத்துவிட்டார்கள், இப்போது விழுங்குகிற குளிசைதான். தலையில் மயிர் ஒரு விரல் உயரத்துக்கு நிற்கிறது. பக்கத்துக் கதிரையில் தெல்தோட்டையிலிருந்து வந்த இளம் தாய். மடியில் இரண்டு வயதுப் பையன், சட்டைக்கு மேலே புது லைனின் நுனி. அவள் தாளை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்துக்கொண்டிருந்தாள். ஏழாவதில் விரல் நின்றது.

"சாமி தண்ணியக்கூட விடமாட்டாங்களாமே" என்று என்னிடம் சலித்துக்கொண்டாள். "யாருங்க இதெல்லாம் உக்காந்து எழுதுறது?"

நான் வாயைத் திறக்குமுன் அபி சொன்னாள். "எங்க தாத்தா. அவருதான் எனக்கு ஊத்தினாரு. எனக்குக் குளிர் வந்து பல்லு டக்கு டக்குன்னு அடிச்சுச்சு. வால எடுத்துட்டாங்க. கால்ல ஊசி குத்தினாங்க."

அந்தப் பெண் அவளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "மெய்யாவா, ஐயா?"

"மெய்தான்மா. அரைப் போத்தல்."

அவள் பைக்குள் தேடிப் போனை எடுத்தாள். "என்னங்க, அந்தப் பூசாரிகிட்ட மருத்துநீர் வாங்க வேணாம். அத்தைகிட்ட நான் சொல்லிக்கிறேன். இல்ல... இல்லங்க, ஒரு சொட்டுக்கூட வேணாம். வந்து சொல்றேன்." போனை வைத்துவிட்டுப் பையனை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். அவன் அவளுடைய தோளுக்கு மேலாக அபியைப் பார்த்துச் சிரித்தான். அபி எழுந்து அவனுடைய விரலைப் பிடிக்கக் கையை நீட்டினாள்.

அந்தப் பெண் சட்டென்று பையனைப் பின்னால் இழுத்தாள்.

"பாப்பா, கை கழுவினியா?"

அபியிடம் இதை ஒருவரும் இதுவரை கேட்டதில்லை. திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். நான் உதவிக்குப் போகவில்லை. அவள் திரும்பிக் குழாயடிக்கு நடந்தாள்.